சனமில்லாத இடத்துக்கு மூன்று பஸ்

நயாகரா நீர்வீழ்ச்சியில் சனம் கூடிவிட்டதை வன்மையாகக் கண்டித்து மொன்றியல் மேற்குத் தமிழ் உறவுகள் ஒன்றியம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அது மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். ஈரச் சப்பாத்துகளை வாசலில் குவித்துவிட்டு வெறும் காலுறைகளோடு அமர்ந்திருந்த பொதுச்சபை ஒருமனதாகக் கைதூக்கியது. தீர்மானத்தின் பிரதியை யாருக்கு அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். அதை ஆராய உடனே ஓர் உபகுழு அமைக்கப்பட்டது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒன்றியத்தில் எந்த விஷயமும் அப்படித்தான் நடக்கும். கூட்டம் தொடங்க மங்கள விளக்கு ஏற்ற வேண்டும். யார் ஏற்றுவது என்று மனத்தாங்கல் வராமல் இருக்க, திரிக்கு ஓர் ஆளாக ஐந்து பேர். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர், அந்த அழைப்பாளரை அறிமுகம் செய்ய இன்னொருவர். ஒருமுறை புகை மணி அடித்து தீயணைப்பு வண்டி வந்ததிலிருந்து திரிக்குப் பதிலாக பற்றரியில் எரியும் சின்ன விளக்குகள்தான். ஆனாலும் தட்டில் தீப்பெட்டி நீட்டப்படும். பிரமுகர் ஒரு குச்சியை எடுத்துத் தட்டாமல் வைத்துவிட்டு, விளக்கின் அடியிலுள்ள பொத்தானைப் பயபக்தியோடு அமத்துவார். சபை கைதட்டும்.

அந்தக் கைதட்டலைக் கிருபானந்தன் எப்போதும் சமையலறைக் கதவுக்குள்ளே நின்றுதான் கேட்டிருக்கிறார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் அவர் சமையல்காரர். ஒன்றியத்தில் சமையல் குழு. குழு என்றால் அவர்தான் குழு. எத்தனை பொங்கல் விழா, எத்தனை கலைமாலை, எல்லாவற்றுக்கும் வெங்காயம் உரித்தவர் அவர். நன்றியுரையின் கடைசியில் "மற்றும் சமையலில் உதவியோர்" என்று ஒரு வரி வரும். அந்த வரி வருவதற்கு முன்பே சபை எழும்பிச் சாப்பாட்டு வரிசையில் நின்றுவிடும்.

அவருடைய மனைவி தாட்சாயினிக்கு லவாலில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை. கியூபெக்கில் ஒரு குடும்ப டொக்டர் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் ஒன்றில் நோய் வருத்தம் போய்விடும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார்.

இப்படியான ஊரில், டொக்டர் வந்து போகும் வாசலில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள் என்று தெரிந்தால் சனம் சும்மா விடுமா? கலியாண வீட்டில் தாலி ஏறும் நேரம் பக்கத்துக் கதிரைக்காரி காதுக்குள் கேட்பார். "பிள்ளை, ஒரு டொக்டரைப் பிடிச்சுத் தரேலாதோ?" மெட்ரோவில் கேட்பார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்று கேட்பார்கள். செத்த வீட்டில், செத்தவருடைய டொக்டரிடம் இப்போது ஓர் இடம் வெறுமையாகத்தானே இருக்கும் என்று கேட்டவரும் உண்டு. தாட்சாயினியால் யாருக்கும் டொக்டர் பிடித்துக் கொடுக்க முடியாது. அவளுக்கே டொக்டர் இல்லை. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, சிரித்துக்கொண்டே "அப்ப அடுத்த கிழமை எடுக்கிறன்" என்பார்கள்.

ஆகவே ஆடி மாதத்தில், கட்டடத் தொழிலாளருக்கெல்லாம் விடுமுறை விடுகிற வாரத்தில், புருசனும் பெண்சாதியும் மூன்று நாள் காணாமல் போவார்கள். எல்லையைத் தாண்டினால் வெர்மொன்ட். அதன் வடக்கு மூலையில், மலைக்குப் பின்னால், பெல்டன் என்றொரு குளம். ஒருமுறை பொஸ்டனிலிருந்து திரும்பும்போது கார் சூடேறி நின்ற இடம் அது. கரையில் டோரிஸ் என்ற வயதான பெண்ணுக்குச் சொந்தமாக நாலு மரக்குடில்கள், வளைவில் ஒரு பெட்ரோல் கடை, வேறு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யார் எழுதினாலும் அதன் பெயர் வராது. தாட்சாயினி கரையிலுள்ள ஒரு தட்டைப் பாறையில் இருந்து காலைத் தண்ணீருக்குள் விடுவாள். பொழுதுபடும்வரை எழும்ப மாட்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் நாள் அவள் மெல்லப் பாடத் தொடங்குவாள். மொன்றியலில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை.

"இந்த இடத்தை ஒருத்தருக்கும் சொல்லப்படாது, என்ன?" என்று அந்தப் பாறையில் வைத்துத்தான் கேட்டாள்.

"உம்மடை தலையிலை அடிச்சுச் சத்தியம்" என்றார் கிருபானந்தன்.

ஊருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமே. "டொரன்டோவுக்குப் போறம், அக்கா வீட்டை" என்பதுதான் அந்தக் கதை. தாட்சாயினிக்கு அக்கா இல்லை. தங்கையும் இல்லை, ஒற்றைப் பிள்ளை. ஆனால் வருடத்துக்கு வருடம் சொல்லிச் சொல்லி அந்த அக்கா நன்றாக வளர்ந்துவிட்டார். ஒன்றியத்தின் மகளிர் அணித் தலைவி சிவநேசம் "நானும் உங்களோடை டொரன்டோ வாறனே" என்று வெளிக்கிட்டபோது அக்காவின் முழங்காலில் அவசரமாக ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து சிவநேசம் எங்கே கண்டாலும் முதலில் முழங்காலை விசாரித்துவிட்டுத்தான் டொக்டரைக் கேட்பார்.

சரி, மாசி மாதத்துப் பொதுக்கூட்டத்துக்கு வருவோம். நயாகரா மீது ஒன்றியத்துக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. போன கோடைச் சுற்றுலாவில், தலைவர் கதிர்காமத்தம்பியின் மனைவி கூட்ட நெரிசலில் வேறொரு சங்கத்து பஸ்ஸில் ஏறி ஸ்காபரோ வரைக்கும் போய்விட்டார். அங்கே இரவுச் சாப்பாடும் முடிந்த பிறகுதான் பிழை தெரிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவர் திரும்பி வந்து சொன்னதைத்தான் தலைவரால் தாங்க முடியவில்லை. கிருபானந்தனாலும்தான்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நேரில் யாழ்ப்பாணத்துக் கதை கதைக்கிற மனிதர் ஒலிவாங்கியைக் கண்டால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"அன்பார்ந்த உறவுகளே! அமெரிக்கா பரந்த தேசம். அங்கே சனமில்லாத ஓர் இடம் இல்லாமலா போய்விடும்? சனம் போகிற இடத்துக்குப் போவதற்கு நாம் என்ன சனமா? நாம் ஓர் ஒன்றியம்!"

கைதட்டல். ஒருவர் அலாஸ்கா என்றார். பஸ் போகாது என்று செயலாளர் அன்டன் சொன்னார். இன்னொருவர் பாலைவனம் ஒன்றைச் சொன்னார். அதன் பெயரில் சாவு வருகிறது, பதாகையில் போட முடியாது என்று நிராகரிக்கப்பட்டது. மேசையில் ஒரு பொன்னாடை சும்மா கிடந்தது. பிரதம விருந்தினருக்கு வாங்கியது. அவர் பனியில் மாட்டுப்பட்டு வரவில்லை. தலைவர் அதைக் கையில் எடுத்து விரித்துக் காட்டினார்.

"அப்படியோர் இடத்தைச் சொல்பவருக்கு இந்தப் பொன்னாடை இந்த மேடையிலேயே போர்த்தப்படும்!"

கிருபானந்தன் அந்த நேரம் பார்த்து வடைத் தட்டோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். பொன்னாடை பச்சை நிறம், சிவப்புக் கரை. தாட்சாயினி அன்று வேலையில். அவர் வாய் திறந்ததை அவரே பிறகுதான் அறிந்தார்.

"எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றார்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்தரம் வடையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தது.

"வெர்மொன்ட்டிலை ஒரு குளம்… நல்ல தண்ணி. ஒரு குருவி இல்லை. டொரன்டோவுக்கு, அக்கா வீட்டை போற வழியிலை காணுறனாங்கள்."

வெர்மொன்ட் தெற்கே இருக்கிறது, டொரன்டோ மேற்கே. அதைச் சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. பொன்னாடை தோளில் விழுந்தது. யாரோ தட்டைக் கையிலிருந்து வாங்கினார்கள், யாரோ படம் எடுத்தார்கள். கைதட்டலை இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது வேறு மாதிரித்தான் இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் வீட்டுக்குத் திரும்பும் பாதி வழி வரைக்கும்தான் நின்றது. தெப்பனோர் என்கிற மூலைக்கடை ஒன்றின் வாசலில் காரை நிறுத்தினார். பொன்னாடையை மடித்து, பின்பெட்டியில், பனி தட்டும் பிரஷுக்கும் மாற்றுச் சில்லுக்கும் நடுவே செருகி வைத்தார். ஒரு துணியை ஒளிப்பது திருடனின் வேலை என்பது அவருக்கு விளங்கியது. வீட்டில் தாட்சாயினி சோபாவில் காலை நீட்டியபடி, "ஆடிக்கு லீவு எழுதிக் குடுத்திட்டன்" என்றாள். அவர் குளிராகக் கிடக்கிறது என்று ஒரு சம்பந்தமில்லாத பதிலைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எப்படியும் பின்வாங்கிவிடலாம் என்று நினைத்தார். ஒன்றியத்தை அவ்வளவுக்கு அவர் அறிந்திருக்கவில்லை. பங்குனியில் அன்டனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி அன்டன், அங்கை கரடி திரியுதாம். வயசு போனதுகள் வாற இடமில்லை."

"நல்ல காலம் சொன்னீங்கள் அண்ணை. ஒரு பஸ் எண்டுதான் யோசிச்சனாங்கள். கரடிக்கு ஆக்கள் கனக்க இருந்தால்தான் பயம். ரெண்டு பஸ்ஸாக்குவம்."

சித்திரையில் நுளம்புக் கடி பற்றிச் சொன்னார். நுளம்புப் புகை அடிக்க ஓர் இளைஞர் அணி, அந்த அணிக்கு ஒரு பொறுப்பாளர், பொறுப்பாளரின் குடும்பம் என்று பஸ் மூன்றாயிற்று. மலசலகூடம் போதாது என்றார். நடமாடும் மலசலகூடம் இழுத்துவர ஒரு லொறி ஏற்பாடாயிற்று. அங்கே சத்தமே போடக்கூடாது, டோரிஸுக்குப் பிடிக்காது என்று கடைசியாக ஒரு குண்டைப் போட்டார். அன்டன் அதை மிகவும் மெச்சினார். அமைதி உபகுழு பிறந்தது. அமைதியை அறிவிக்க அதற்கு இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு ஜெனரேற்றரும் ஒதுக்கப்பட்டன.

அமெரிக்கா கனடாவோடு வரிச் சண்டை பிடிக்கிற இந்த நாட்களில் அங்கே போவது சரியா என்று சிலர் முணுமுணுத்தார்கள். கனடாக்காரர் எல்லாரும் போகாமல் இருக்கிறார்களே என்றார்கள். தலைவர் அதற்கும் வழி கண்டார். அமெரிக்கப் பயணத்தைப் புறக்கணிப்பதாக ஒரு தீர்மானம், அந்தத் தீர்மானத்தை அமெரிக்க மண்ணிலேயே போய் வாசிப்பதாக இன்னொரு தீர்மானம். அங்கே ஒரு சதமும் செலவழிக்காமல் சோறு, கறி, தண்ணீர் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோவது. சமையல் குழுவின் மீது பொதுச்சபை முழு நம்பிக்கை தெரிவித்தது.

தாட்சாயினிக்குச் சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று கிருபானந்தன் நாளைக் கடத்தினார். அவரை முந்திக்கொண்டு கிளினிக்குக்கு ஒரு அழைப்பு வந்தது. "போன்ஜூர்" என்று எடுத்தவளிடம் ஒரு குரல் கேட்டது. "பிள்ளை, உம்மடை மனுசன் சொல்லிப் பொன்னாடை வாங்கின பெல்டன் குளத்திலை தண்ணி சரியான குளிரோ? எனக்கு மூட்டு வாதமெல்லே."

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, பொன்னாடை என்ன நிறம்?"

அவருக்குக் கை நின்றுவிட்டது. "பச்சை… சிவப்புக் கரை."

"ம்."

"தாட்சா, நான் வேணுமெண்டு…"

"பச்சை உங்களுக்கு வடிவா இருக்கும்" என்றாள். பிறகு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே கழுவப் போனாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருந்தால் அதையும் தாங்கியிருப்பார். அவள் வழமை போலத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், வழமை போல அவருடைய வேலை உடுப்பை மடித்து வைத்தாள்.  பயணத்துக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்தாள். "டோரிஸுக்கு ஆராவது நேரை நிண்டு முகத்தைக் காட்டத்தானே வேணும்" என்பதுதான் அவள் சொன்ன காரணம். அதைக் கேட்டபோது இன்னும் மோசமாக இருந்தது.

பயண நாள் விடியற்காலை ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று பஸ், ஒரு லொறி. பஸ்ஸின் நெற்றியில் பதாகை: "அமைதியைத் தேடி மாபெரும் பயணம்". எல்லையில் ஓர் இளம் பெண் அதிகாரி முதல் பஸ்ஸில் ஏறினாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். தலைவர் எழுந்து சொல்லத் தொடங்கினார். ஒன்றியத்தின் தோற்றம், வளர்ச்சி, நயாகராவுக்கு எதிரான தீர்மானம் என்று அவர் வரிசையாகச் சொல்ல, அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், பெல்டன் குளத்தில் அப்படி என்ன இருக்கிறது என்றாள். "அங்கே ஒன்றுமே இல்லை" என்றார் தலைவர் பெருமையோடு. அதிகாரிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. லொறியைத் திறக்கச் சொன்னாள்.

ஆட்டிறைச்சிக் கறி எல்லை தாண்டக்கூடாது என்பது சட்டமாம். மனிதர் போகலாம், ஆடு போகக்கூடாது. அண்டா அண்டாவாக நின்ற கறியைப் பார்த்து ஒன்றியம் விக்கித்து நின்றது. அவசர நிர்வாகக் கூட்டம் பஸ்ஸின் பின் சீற்றில் நடந்தது. அண்டாவில் இருந்தால்தானே பிரச்சினை, ஆட்களுக்குள் இருந்தால் யார் பிடிப்பான் என்று அன்டன் ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்தார். பஸ்கள் திருப்பப்பட்டன. கனடாப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், காலை வெயில் ஏறுவதற்கு முன், மூன்று பஸ் சனமும் கடதாசிக் கோப்பையில் ஆட்டுக்கறி சாப்பிட்டது. ஒன்றியத்தின் வரலாற்றில் கிருபானந்தனின் சமையலை எல்லாரும் ஒரு பேச்சுமில்லாமல் சாப்பிட்டு முடித்த முதல் நாள் அதுதான். வேறு ஒரு நாளில் என்றால் அவர் மகிழ்ந்திருப்பார். தாட்சாயினி சாப்பிடவில்லை. ஜன்னலோரம் இருந்து தெற்கே மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டோரிஸ் தன் வாசலில் ஒரு கோப்பிக் கோப்பையோடு நின்றார். முதல் பஸ் வளைந்து வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தபோது கோப்பையை வேலியில் வைத்துவிட்டார். தாட்சாயினி இறங்கிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

"உனக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருப்பதாக நீ சொல்லவே இல்லையே" என்றார் டோரிஸ்.

கிருபானந்தன் நிலத்தைப் பார்த்தார். அவர்கள் வழமையாகத் தங்கும் குடில் தலைவர் ஓய்வெடுப்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் கதவில் அன்டன் ஏற்கெனவே "தலைவர்" என்று ஒட்டிவிட்டார்.

ஜெனரேற்றர் உறுமியது. ஒலிபெருக்கி கத்தியது. "உறவுகளே, தயவுசெய்து அமைதி பேணவும்! அமைதியாக இருப்பவர்கள் மேடைக்கு அருகே வரவும்!" திறந்த வெளியில் உண்மையான நெருப்பே வைத்திருக்கலாம்தான். ஆனால் மரபு மாறக்கூடாது என்று பற்றரி விளக்குகள்தான் கொண்டுவரப்பட்டிருந்தன. ஐந்து பேர் ஐந்து பொத்தான்களை அமத்தினார்கள். பிறகு போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம். எல்லாரும் எழுந்து நின்றார்கள், யாரோ ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினார்.

இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் சனம் உண்மையாகவே அமைதியாக நின்றது. அதில் விளையாட்டு இல்லை, நினைப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒருவர் இருந்தார். குளம் கரையை நக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில், நடுத் தண்ணீரில், வருடா வருடம் கூப்பிடுகிற அந்த லூன் பறவை ஒருதரம் நீளக் கூப்பிட்டது. தலை குனிந்து நின்ற கூட்டத்துக்குள் தாட்சாயினி மட்டும் தலையை நிமிர்த்தி அது வந்த பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பி, கிருபானந்தனைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. கேட்டதா என்று கேட்கிற பார்வை. அவரால் அந்த முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. தன் கழுத்தில் கிடந்த துணியைப் பார்த்தார். கண்டுபிடிப்பாளர் பொன்னாடையோடு வரவேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஜெனரேற்றர் மறுபடி உறுமியது. "நன்றி. அமரலாம்" என்று ஒலிபெருக்கி வீரிட்டது. பறவை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

தலைவர் உரை நிகழ்த்தினார். "இந்த இடம் இத்தனை காலமும் ஆளரவமற்று அநாதையாகக் கிடந்தது. இன்றுதான் இதற்கு ஒரு விடிவு பிறந்திருக்கிறது! அமைதி என்பது கட்டுப்பாட்டோடு வரவேண்டியது. ஆளாளுக்குத் தங்கள் இஷ்டப்படி அமைதியாக இருக்கப் புறப்பட்டால், பிறகு ஒன்றியம் எதற்கு? தலைவர் எதற்கு? ஆகவே தனிமையை நாம் எல்லோரும் சேர்ந்துதான் அனுபவிக்க வேண்டும்!" கைதட்டல் எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பி வந்தது. எதிர்க்கரையும் தனக்குக் கைதட்டுவதாகத் தலைவர் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டார்.

உரைகள் நீண்டுகொண்டு போக, தாட்சாயினி நழுவித் தன் பாறைக்குப் போனாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டாள். மற்றக் காலை விடுவதற்குள் சிவநேசம் வந்து பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, அக்காவின்ரை முழங்கால் எப்பிடி?"

"பரவாயில்லை, அன்ரி."

"இஞ்சை எண்டாலும் ஆறுதலா உம்மோடை கதைக்கலாம் எண்டுதான் இதையெல்லாம் கொண்டு வந்தனான்." மடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து அவிழ்த்தார். பிரஷர் மாத்திரை, கொலஸ்ரோல் மாத்திரை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள். "ஒரு டொக்டரைப் பிடிச்சுத் தரேலாதோ?"

அதைக் கண்டு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் தன் கணவரின் எக்ஸ்ரேயை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். மேடையில் நாலாவது பேச்சாளர் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் சனம் பாறைப் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பாறையிலிருந்து பதாகை வரைக்கும் வரிசை. தள்ளுமுள்ளு வரவே அன்டன் ஓடிவந்தார். ஒழுங்கில்லாமல் ஒன்றியத்தில் எதுவும் நடக்கக்கூடாது அல்லவா? அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகத்தைக் கிழித்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார். ஒலிபெருக்கி நம்பர் கூப்பிட்டது. வெர்மொன்ட்டின் வடக்கு மூலையில், மலைக்குப் பின்னால், ஒரு கிளினிக் நடந்தது. டொக்டர்தான் இல்லை. அந்த வகையில் அது மொன்றியலைப் போலவேதான் இருந்தது.

கிருபானந்தன் சோற்றுக் கரண்டியோடு நின்று இதைப் பார்த்தார். போய் வரிசையைக் கலைக்க வேண்டும் என்று இரண்டு அடி வைத்தார். "கண்டுபிடிப்பாளர் குழுப் படத்துக்கு வரவும்" என்று அதே நேரம் ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவர் நின்றார். பாறையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிறகு, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, மேடைக்குப் போனார். படத்தில் அவர் நடுவில் நிற்கிறார். பின்னால், தலைவரின் தோளுக்கு மேலே, ஒரு பெண் ஒரு காலைத் தண்ணீருக்குள்ளும் மற்றக் காலைச் செருப்புக்குள்ளும் வைத்தபடி யாருடையவோ மாத்திரைப் பெட்டியை வாசித்துக்கொண்டிருப்பது சின்னதாகத் தெரிகிறது.

புறப்படும்போது டோரிஸுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல சால்வை, பனிக்காலத்துக்கு உதவும் என்று அவர் சந்தோஷப்பட்டார். மிச்சமிருந்த கத்தரிக்காய்க் குழம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் எத்தனை பஸ் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியில் கிருபானந்தனின் கடைசி நம்பிக்கையும் போயிற்று. அவர் வருந்துவார், இனி வரவேண்டாம் என்று சொல்லுவார் என்றல்லவா இவர் காத்திருந்தார்!

இரவு வீட்டில் அவர் கட்டிலின் விளிம்பில் இருந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார்.

"ஏன் மன்னிப்பு? சனத்துக்கு விருப்பமா இருந்ததுதானே" என்றாள் அவள். அவளுக்குக் குரல் அடைத்துப் போயிருந்தது, அன்று முழுக்கக் கதைத்த களைப்பு. "ஒரே ஒரு நம்பர்க்காரர்தான் மிச்சமாம். நாளைக்குப் போன் எடுப்பினமாம்."

ஒன்றியம் பெல்டன் குளத்தை நிரந்தரச் சுற்றுலாத் தலமாக்கியது. கிருபானந்தன் ஆயுட்கால வழிகாட்டி ஆனார், வராமல் விட முடியாத பதவி அது. சமையல் குழுப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அடுத்த ஆடி வந்தது. பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவர் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது தாட்சாயினி ஒரு சின்னப் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்ததைக் கண்டார். பைக்கு மேலே ஒரு வெயில் தொப்பி.

"எங்கை வெளிக்கிடுறீர்?"

தாட்சாயினி சப்பாத்து நாடாவைக் கட்டினாள். ஆறுதலாக, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். முகத்தில் கோபமில்லை. கேலி கூட இல்லை. ஊருக்குச் சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"டொரன்டோவுக்கு" என்றாள். "அக்கா வீட்டை."

 கையிலிருந்த அண்டாவிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது. எந்த இடம், எந்தப் பக்கம், குளமா கடலா, அங்கே பாறை இருக்கிறதா? அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை, பொன்னாடை தோளில் விழுந்த அன்றே போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

"கவனமாப் போட்டு வாரும்" என்றார்.

மறுநாள் நாலு பஸ். முதல் பஸ்ஸின் முன் சீற்றில், பச்சைப் பொன்னாடையோடு, கிருபானந்தன் இருந்தார். பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது. சிவநேசம் தன் மாத்திரைப் பையோடு ஏறி, அந்தச் சீற்றைப் பார்த்து ஏமாந்துபோய் நின்றார்.

"எங்கை தம்பி தாட்சாயினி? வரேல்லையோ?"

"டொரன்டோவுக்குப் போட்டா. அக்கா வீட்டை."

"ஐயோ, ஏன்? அந்த முழங்கால் இன்னும் சுகமில்லையோ?"

கிருபானந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அன்டன் கீழே நின்று, எல்லாரையும் அமைதியாக இருக்கும்படி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார்.

"இல்லை அன்ரி" என்றார். "இந்த முறை கொஞ்சம் கடுமை போலத்தான் கிடக்கு."